கெட்டித்தாளில் செங்காந்தள், அதற்கொரு அறுகோண ஜாடி

கிரேப் தாளை இழுத்தால் விரியும். விரலால் அழுத்தினால் குழியும். கெட்டித்தாளுக்கு அந்தக் குணம் கிடையாது. அது வளையும், மடங்கும், சுருளும், விரியவே விரியாது. முன் அத்தியாயத்தின் கிரேப் பூக்களில் பழகிய கை இங்கே வந்ததும் முதலில் கொஞ்சம் திணறும். ஆனால் கெட்டித்தாளுக்கென்று இரண்டு பலம் உண்டு. ஒருமுறை கொடுத்த வளைவை அது எளிதில் விடாது. ஓரம் பிசிறில்லாமல் நிற்கும். அதனால் இதழ் அகலமாகவும் தளர்வாகவும் இருக்கும் பூக்களை விட்டுவிட்டு, இதழ் நீண்டு விறைப்பாக நிற்கும் பூக்களை இந்தத் தாளுக்கு எடுத்துக்கொள்வோம். அப்படிப்பட்டவற்றில் தலையானது செங்காந்தள். கை பழகுவதற்காக அதற்கு முன்னால் ஒரு சுருள் ரோஜா.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதிரிப் படங்களோடு விற்கும் கைவினைப் பொட்டலங்கள் வெட்டுவதைத்தான் பெரிதாகச் சொல்லித் தருகின்றன. வெட்டுவது இந்த வேலையில் கால் பங்குதான். வெட்டிய இதழை அப்படியே ஒட்டினால் பூவின் படம்தான் கிடைக்கும். இதழை வளைத்து, ஓரத்தைத் திருப்பி, ஒவ்வொன்றையும் பக்கத்து இதழிலிருந்து சற்றே மாறுபடச் செய்து ஒட்டும்போது அது பூவாகிறது. ஒரு மணி நேரம் கையில் இருந்தால் கால் மணி வெட்டுங்கள், அரை மணி வளையுங்கள், மீதியில் ஒட்டுங்கள்.

தாளும் அதன் இழையும்

தாளின் கனத்தை ஜி.எஸ்.எம். என்ற கணக்கில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பதே அது. ஜெராக்ஸ் எடுக்கும் தாள் 70 முதல் 80. அது இதழுக்குப் போதாது, தொய்ந்துவிடும். இதழ்களுக்கு 120 முதல் 160 வரை உள்ள தாள் வேண்டும். 200-ஐத் தாண்டினால் வளைக்கும்போது மேற்பரப்பு வெடித்து வெள்ளைக்கோடு தெரியும். அந்தக் கனத்தை ஜாடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜாடிக்கு 220 முதல் 250 சரியாக இருக்கும். வாங்கும்போது தாளின் மூலையைக் கொஞ்சம் கிழித்துப் பார்க்க முடிந்தால் பாருங்கள். உள்ளேயும் அதே நிறம் இருந்தால் நல்ல தாள். மேலே மட்டும் நிறம் அச்சிட்டு உள்ளே வெள்ளையாக இருந்தால், வெட்டிய ஓரமெல்லாம் வெள்ளை விளிம்பாகத் தெரிந்து பூவைக் கெடுத்துவிடும்.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகள் எல்லார் வீட்டிலும் கிடக்கும். ஜாடிக்கு அவற்றைப் பயன்படுத்தலாமா என்று பலர் கேட்பதுண்டு. சொரசொரப்பான, பூச்சு இல்லாத அட்டையென்றால் தாராளமாக. வழவழப்பான மேற்பூச்சு உள்ளதென்றால் மடிப்பில் பூச்சு உரியும், ஃபெவிகாலும் பிடிக்காது. ஒட்டும் இடத்தை மட்டும் நைஸான உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் பிடிக்கும்.

இனி இழை. பெரும்பாலான கையேடுகள் இதைச் சொல்லாமலே விட்டுவிடுகின்றன. ஆனால் பாதிப் பூக்கள் சரியாக வராமல் போவதற்கு இதுதான் காரணம். ஆலையில் தாள் ஓடும்போது அதன் நார்கள் பெரும்பாலும் ஓடும் திசையிலேயே படுக்கின்றன. அதனால் எந்தத் தாளும் ஒரு பக்கமாக எளிதில் சுருளும், மறுபக்கமாக முரண்டு பிடிக்கும். இழையோடு மடித்தால் மடிப்பு நேராக, சுத்தமாக விழும். இழைக்குக் குறுக்கே மடித்தால் பிசிறும்.

கண்டுபிடிப்பது எளிது. ஒரே தாளில் இருந்து நீளவாக்கில் ஒரு பட்டையும் அகலவாக்கில் ஒரு பட்டையும், இரண்டும் 1 செ.மீ. அகலம், 12 செ.மீ. நீளத்தில் வெட்டுங்கள். இரண்டையும் சேர்த்து ஒரு முனையில் பிடித்துக் கிடையாக நீட்டுங்கள். எது அதிகம் தொங்காமல் நிற்கிறதோ அந்தப் பட்டையின் நீளவாக்கில் இழை ஓடுகிறது. இல்லாவிட்டால் ஒரு சிறு சதுரத் துண்டின் ஒரு பக்கத்தை ஈரப் பஞ்சால் தடவுங்கள். தாள் தானாகச் சுருளும். அந்தச் சுருளின் நீளம் எந்தத் திசையோ அதுவே இழையின் திசை. தெரிந்ததும் தாளின் பின்புறம் பென்சிலால் ஒரு அம்புக்குறி போட்டுவிடுங்கள். துண்டு துண்டாக வெட்டிய பிறகு தேட முடியாது.

ரோஜா, செம்பருத்தி போன்ற அகல இதழை உருட்ட வேண்டியிருப்பதால் அவற்றுக்கு இழை இதழின் குறுக்கே ஓடட்டும். காந்தள் போன்ற நீள இதழுக்கு இழை நீளவாக்கில் ஓட வேண்டும். அப்போதுதான் நுனி தொங்காது.

கருவிகள் என்று அதிகம் வேண்டாம். கூர்மையான சிறு கத்தரிக்கோல் ஒன்று, ஸ்கேல், காம்பஸ், மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா, தையல் ஊசி, பின்னல் ஊசி அல்லது மெல்லிய பென்சில், ஃபெவிகால். ஃபெவிகாலைப் புட்டியிலிருந்து நேராகப் பிழிய வேண்டாம். அதில் உள்ள தண்ணீரே தாளை நெளிய வைக்கும். ஒரு மூடியில் கொஞ்சம் விட்டு, தீக்குச்சியால் மெல்லியதாகத் தடவி, அரை நிமிடம் காற்றாட விட்டு ஒட்டினால் உடனே பிடிக்கும். மைதா பசை மலிவு, தாளுக்கு இதமானதும்கூட. ஆனால் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் அதைத் தேடி வரும். அதற்காகத்தான் புத்தகம் கட்டுபவர்கள் மைதா பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். மயில்துத்தம் விஷம், குழந்தைகள் கை வைக்கும் மேசையில் அது வேண்டாம்.

சுருள் ரோஜா

15 செ.மீ. விட்டத்தில் ஒரு வட்டம் வெட்டுங்கள். வெளி ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி, 2 செ.மீ. இடைவெளி விட்டு ஒரு சுருள்கோடு போடுங்கள். நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டு மிஞ்சட்டும். கோட்டின் மேல் வெட்டும்போது நேராக வெட்டாமல் அலை அலையாக வெட்டுங்கள். அந்த அலைகள்தான் இதழ்களின் மேல் விளிம்பு. வெளி முனையில் இருந்து ஊசியில் இறுக்கமாகச் சுற்றத் தொடங்கி, உள்ளே போகப் போகத் தளர்த்துங்கள். முழுவதும் சுற்றியதும் உடனே ஒட்டாதீர்கள். மேசையில் வைத்து விரலை எடுங்கள். சுருள் தானாகக் கொஞ்சம் அவிழ்ந்து ஓர் அளவில் நிற்கும். அதுதான் அந்தப் பூவின் மலர்ச்சி. பிறகு மிஞ்சிய வட்டில் பசை தடவி அடியில் அழுத்துங்கள். வெளிச் சுற்றின் விளிம்பை மட்டும் பென்சிலால் வெளிப்புறமாகச் சுருட்டிவிடுங்கள். ஐந்தாறு ரோஜாக்கள் செய்தால் கை பழகிவிடும். அதற்கு மேல் அதிலேயே நின்றுவிட வேண்டாம்; எல்லா ரோஜாவும் ஒன்றுபோலவே வரும், கண்ணுக்கு அலுத்துவிடும்.

செங்காந்தள்

தமிழ்நாட்டின் மாநில மலர் இது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் 99 பூக்களில் முதலாவது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலியோரப் புதர்களில் படர்ந்து பூப்பதால் கார்த்திகைப்பூ என்றும் சொல்வார்கள். விவசாயிகளுக்கு இது கண்வலிக்கிழங்கு. மூலனூர், வேதாரண்யம் பக்கங்களில் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். விதையிலும் கிழங்கிலும் உள்ள கோல்ச்சிசின் மூட்டு வீக்கத்துக்கான மருந்துக்குப் பயன்படுகிறது. செடி முழுவதும் நஞ்சு. சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் உண்மையான காந்தளை ஜாடியில் வைக்கக் கூடாது. தாளில் செய்துவைக்க இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

வெட்டத் தொடங்கும் முன் உண்மையான பூ ஒன்றைப் பாருங்கள். கிடைக்காவிட்டால் தெளிவான புகைப்படமாவது வேண்டும். கத்தரிக்கோல் எடுப்பதற்கு முன் பூவைப் பார்ப்பது என்பது இந்தக் கலையில் பழைய வழக்கம். இங்கிலாந்தில் மேரி டெலனி என்ற மூதாட்டி, 1772-இல், தன் 72-வது வயதில், வண்ணத்தாளை வெட்டி ஒட்டிப் பூக்களை உருவாக்கத் தொடங்கினார். கறுப்புத் தாளின்மேல் ஒட்டிய ஏறக்குறைய ஆயிரம் பூக்கள். பார்வை மங்கும்வரை பத்தாண்டு காலம் செய்தார். அவை இன்று லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அவர் செடியை எதிரில் வைத்துக்கொண்டு, இதழையும் மகரந்தத் தாளையும் எண்ணி வெட்டியவர். தாவரவியல் அறிந்தவர்களும் அந்தப் படங்களை மதித்தது அதனால்தான்.

காந்தளில் என்ன பார்க்க வேண்டும்? பூவின் முகம் தரையைப் பார்க்கிறது. ஆனால் ஆறு இதழ்களும் பின்னோக்கி வளைந்து வானத்தைப் பார்க்கின்றன. இதழின் விளிம்பு நெடுக அலை. அடிப்பகுதி மஞ்சள், நுனி சிவப்பு. ஆறு மகரந்தத் தாள்கள் பக்கவாட்டில் விரிந்து நிற்கின்றன. அவற்றோடு ஒரு சூல்தண்டு, அடியிலேயே செங்கோணமாக ஒரு பக்கம் திரும்பிவிடுகிறது. அந்த ஒரு பக்கத் திருப்பம்தான் காந்தளைக் காந்தளாக்குவது. அதை விட்டுவிட்டுச் செய்தால் ஏதோ ஒரு லில்லி என்றுதான் பார்ப்பவர் சொல்வார்.

9 செ.மீ. நீளமும் நடுவில் 1.6 செ.மீ. அகலமும் உள்ள இதழ் ஒன்றை மாதிரி அட்டையில் வரைந்துகொள்ளுங்கள். இரண்டு முனையும் குறுகட்டும். அடியில் அரை செ.மீ. காம்பு. இருபக்க விளிம்பையும் நேராக விடாமல் பக்கத்துக்கு ஐந்தாறு சிறு அலைகள் வருமாறு வரையுங்கள். கெட்டித்தாள் விரியாது என்றோமே, அதற்கு ஈடு இதுதான். அலையை வெட்டிலேயே கொடுத்துவிட்டு, பிறகு ஒன்றை முன்னோக்கியும் அடுத்ததைப் பின்னோக்கியும் விரல் நகத்தால் வளைத்துவிட்டால் விளிம்பு உண்மையாகவே நெளிந்ததாகத் தெரியும்.

அந்த மாதிரியை வைத்து, மஞ்சள் தாளில் இழை நீளவாக்கில் வருமாறு ஒரு பூவுக்கு ஆறு இதழ் வெட்டி, வளைக்கும் முன்பே நிறம் ஏற்றுங்கள். வாட்டர் கலர் வேண்டாம், தாள் நெளியும். சிவப்பு சாக் பேஸ்டலைச் சுரண்டித் தூளாக்கி, பஞ்சால் தொட்டு நுனியில் இருந்து கீழ்நோக்கித் தேயுங்கள். நுனியில் அடர்த்தியாகவும் பாதிக்குக் கீழே மெல்ல மறைவதாகவும் இருக்கட்டும். இரண்டு பக்கமும் தேய்க்க வேண்டும், ஏனென்றால் இதழ் திரும்பும்போது பின்பக்கமும் தெரியும். பேஸ்டல் இல்லாவிட்டால் கலர் பென்சில் போதும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. காந்தள் ஒரே நிறத்தில் இருப்பதில்லை. மொட்டு பச்சை. விரிந்த புதிதில் மஞ்சள் மிகுதி. நாளாக ஆகச் சிவப்பு கீழிறங்கி, கடைசியில் முழுப் பூவும் கருஞ்சிவப்பாகிவிடுகிறது. அதனால் மூன்று பூ செய்தால் மூன்றையும் ஒரே மாதிரி நிறமேற்றாதீர்கள். ஒன்றில் கால்பங்கு சிவப்பு, இன்னொன்றில் பாதி, மற்றொன்றில் முழுவதும். உடன் ஒரு பச்சை மொட்டு. ஒரே கொடியில் வெவ்வேறு வயதுப் பூக்கள் இருப்பது அப்போது தெரியும். கடையில் வாங்கும் பிளாஸ்டிக் கொத்தில் இது கிடைக்காது.

நிறமேற்றிய இதழின் கீழ்ப்பாதியில் நடுக்கோட்டை மை தீர்ந்த பேனாவால் அழுத்தி வரைந்து இலேசாக மடியுங்கள். அது இதழுக்கு முதுகெலும்பு. மேல்பாதியைக் கத்தரிக்கோலின் மழுங்கிய விளிம்புக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே வைத்து மெதுவாக இழுங்கள். வேகமாக இழுத்தால் சுருண்டு போகும்; மெதுவாக, இரண்டு மூன்று தடவையாக இழுத்தால் அகன்ற வளைவு வரும். ஆறு இதழுக்கும் ஒரே அளவு வளைவு வேண்டாம்.

நடுப்பகுதிக்கு, பச்சைத் தாளில் அரை செ.மீ. அகலப் பட்டையை இறுக்கிச் சுருட்டி, 6 மி.மீ. தடிமன் வந்ததும் ஒட்டிவிடுங்கள். இது சூலகம். மெல்லிய கம்பியின் நுனியைக் குடைக் கைப்பிடியாக வளைத்து, சூலகம் கீழ்நோக்கித் தொங்குமாறு அதில் செருகி ஒட்டுங்கள். கம்பி வரும் மேற்பக்கத்தில் முதலில் மூன்று இதழை முக்கோணமாக ஒட்டி, பசை காய்ந்ததும் அவற்றின் இடைவெளிகளில் மற்ற மூன்றையும் ஒட்டுங்கள். செடியிலும் இதழ்கள் மும்மூன்றாக இரண்டு அடுக்கில்தான் இருக்கின்றன. ஆறையும் ஒரே வட்டத்தில் வரிசையாக ஒட்டினால் கடைசி இதழுக்கு இடமிருக்காது.

மகரந்தத் தாள்களுக்கு 4 செ.மீ. நீளம், 2 மி.மீ. அகலத்தில் ஆறு இளம்பச்சைப் பட்டைகள். ஒவ்வொன்றின் நுனியிலும் 8 மி.மீ. நீள மஞ்சள் துண்டு ஒன்றைக் குறுக்கே ஒட்டுங்கள். சூலகத்தின் அடிப்பக்கத்தில் ஒட்டிப் பக்கவாட்டில் விரியுங்கள். கடைசியாகச் சூல்தண்டு: அதே நீளத்தில் ஒரு பட்டை, நுனியை மூன்றாகப் பிளந்து, அடியில் செங்கோணமாக மடித்து, இரண்டு மகரந்தத் தாள்களுக்கு நடுவே ஒட்ட வேண்டும்.

இலையில் இரண்டு விஷயம் கவனியுங்கள். காந்தள் இலையில் நரம்புகள் வலைப்பின்னலாக இல்லாமல் இணைகோடுகளாக ஓடும். நுனி, பற்றுக்கம்பியாக நீண்டு சுருண்டிருக்கும். கொடி அதைக் கொண்டுதான் வேலியைப் பற்றி ஏறுகிறது. 12 செ.மீ. இலையில் கடைசி 4 செ.மீ.யை நூலளவு மெல்லியதாக வெட்டி, ஊசியில் சுற்றிவிடுங்கள். நரம்புகளைப் பேனாவால் நீளவாக்கில் நான்கைந்து கோடுகளாக அழுத்துங்கள்.

தண்டுக்குத் தென்னை ஈர்க்கே போதும். இலேசானது, நுனி மெலிந்தது, இயல்பாகவே கொஞ்சம் வளைந்தது. பூவின் கம்பியை ஈர்க்கின் நுனியோடு சேர்த்துப் பச்சை டேப்பால் சுற்றுங்கள். பொக்கே கடைக்காரர்கள் பயன்படுத்தும் அந்த டேப் இழுத்தால்தான் ஒட்டும். இழுக்கும்போதுதான் அதிலுள்ள மெழுகு வெளிப்படுகிறது. இழுத்து, சாய்வாகச் சுற்றி, இடையிடையே இலைகளை வைத்துக் கட்டிக்கொண்டே கீழிறங்குங்கள்.

ஜாடி

உருண்டையான ஜாடியைத் தாளில் செய்ய முயல வேண்டாம் என்பது என் கருத்து. சுருட்டிய தாள் உருளையாகத்தான் நிற்கும், ஒட்டிய இடமும் தெரியும். அறுகோணம் நன்றாக நிற்கும், ஒட்டு ஒரு மூலையில் மறைந்துவிடும். அளவும் ஏ4 தாளுக்குள் கச்சிதமாக அடங்கும்.

28.5 செ.மீ. நீளம், 21 செ.மீ. உயரத்தில் அட்டையை வெட்டுங்கள். இழை உயரவாக்கில் ஓட வேண்டும். ஆறு மடிப்புகளும் அந்தத் திசையில்தான் விழப் போகின்றன. கடையில் வாங்கும் ஏ4 தாள்களில் பெரும்பாலும் இழை நீளப் பக்கமாகவே இருக்கும். எனவே பெரிய அட்டையாக வாங்கி இழை பார்த்து வெட்டுவது நல்லது. இடப்பக்கத்தில் இருந்து 4.5 செ.மீ.க்கு ஒன்றாக ஆறு நிலைக்கோடுகள் போடுங்கள். கடைசியில் மிஞ்சும் 1.5 செ.மீ. ஒட்டுப்பட்டை. மேலேயும் கீழேயும் விளிம்பில் இருந்து 1.5 செ.மீ. தள்ளி ஒவ்வொரு கிடைக்கோடு. எல்லாக் கோடுகளையும் ஸ்கேல் வைத்து, அட்டையின் வெளிப்பக்கத்தில், மை தீர்ந்த பேனாவால் அழுத்துங்கள். மடிக்கும்போது பேனா அழுத்திய குழி வெளியே, அதன் பின்புறம் எழும்பிய மேடு உள்ளே வர வேண்டும். தலைகீழாக மடித்தால் கனமான அட்டை மடிப்பில் வெடிக்கும்.

ஜன்னல் வேலைப்பாடு வேண்டுமென்றால் மடிக்கும் முன்பே செய்துவிட வேண்டும். ஒவ்வொரு முகத்திலும் சுற்றி 1 செ.மீ. விட்டு, உள்ளே வேண்டிய வடிவத்தைக் கத்தியால் வெட்டி எடுத்து, பின்புறம் மெல்லிய வண்ணத்தாள் ஒட்டலாம்.

மேல் பட்டையிலும் கீழ் பட்டையிலும் நிலைக்கோடுகளின் நேரே கிடைக்கோடு வரை கத்தரித்து மடல்களாக்குங்கள். ஒட்டுப்பட்டையின் மேல், கீழ் மூலைகளை வெட்டி எறியுங்கள். மேல் மடல்களை உள்ளே முழுவதுமாக மடித்துச் சுவரோடு ஒட்டிவிட்டால் வாய்ப்பகுதி இரட்டைக் கனமாகும். கீழ் மடல்களின் இரண்டு ஓரத்தையும் சரிவாக, நுனியில் பக்கத்துக்கு 9 மி.மீ. குறையுமாறு சீவுங்கள், அப்போது உள்ளே மடிக்கையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. பிறகு ஒட்டுப்பட்டையை உள்ளே விட்டு ஒட்டி, மேசையின் விளிம்பில் வைத்து நெடுக அழுத்துங்கள்.

அடித்தட்டுக்கு காம்பஸில் 4.5 செ.மீ. வைத்து வட்டம் போடுங்கள். அதே அளவை மாற்றாமல் வட்டத்தின் மேல் அடி அடியாக வைத்து வந்தால் சரியாக ஆறு புள்ளிகள் விழும். அவற்றை இணைத்தால் அறுகோணம். நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் இதையும், 1 மி.மீ. குறைவாக இன்னொன்றையும் வெட்டுங்கள். சிறியதை மேல்வாய் வழியாக உள்ளே இறக்கி மடல்களின்மேல் ஒட்ட வேண்டும். பெரியதை வெளியே அடியில்.

தாள் ஜாடி எடையற்றது. ஃபேன் காற்றில் கவிழ்ந்துவிடும். கால் கிலோ ஆற்றுமணலை நன்கு காயவைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி அடியில் போடுங்கள். ஈரமணல் போட்டால் அட்டை ஒரு வாரத்தில் ஊறிப்போகும். மணலுக்கு மேல் தெர்மாகோல் துண்டு ஒன்றைச் செருகி, அதில் ஈர்க்குகளைக் குத்துங்கள். ஜாடியின் உயரம் 18 செ.மீ. என்பதால் வாய்க்கு மேலே தெரியும் பூக்களின் உயரம் 25 முதல் 28 செ.மீ. வரை இருந்தால் பார்வைக்குப் பொருந்தும். காந்தள் கொடி வகை; இரண்டு தண்டு நிமிர்ந்தும் ஒன்று ஜாடியின் விளிம்பைத் தாண்டிச் சாய்ந்தும் இருக்கட்டும். ரோஜாவையும் அதே ஜாடியில் திணிக்க வேண்டாம். இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று கெடுத்துவிடும்.

நேர்வெயில் படும் ஜன்னலோரத்தில் வைத்தால் நிறம் வெளுக்கும். மழைக்காலத்தில் தாள் ஈரத்தை இழுத்து வளைவுகள் தளரும். அப்போது இதழ்களை மீண்டும் ஒருமுறை கத்தரிக்கோல் விளிம்பில் இழுத்துவிட்டால் சரியாகிவிடும். தூசியை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், மிருதுவான பெயின்ட் பிரஷ் போதும். வெட்டிய மாதிரி அட்டைகளை ஓர் உறையில் போட்டு, அளவையும் தாளின் ஜி.எஸ்.எம்.மையும் இழையின் திசையையும் உறையின்மேல் எழுதி வையுங்கள். அடுத்த கொத்து செய்ய உட்காரும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.